பத்துச்சீட்டும் நியாய சபையும்: ஊவாத் தோட்டங்களில் ‘துர்நடத்தை’ என்னும் குற்றச்சாட்டு

பற்றுச்சீட்டு என்னும் சொல் தோட்டத்து வழக்கிலே பத்துச்சீட்டு என ஒலிக்கும். பட்டினத்துக் கடையில் பணங்கொடுத்தவன் பெறும் சீட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தோட்டத்தில் துரை கையொப்பமிட்டுத் தரும் பத்துச்சீட்டு, ஒருவனது பெயர் செக்ரோலிலிருந்து வெட்டப்பட்டுவிட்டது என்பதற்கான அத்தாட்சியாகும். ஏனைய தொழில்களில் வேலையிழப்போன் வேலையை இழக்கிறான். தோட்டத்திலோ வேலையோடு லயத்து அறை, பிள்ளைகள் படித்த தோட்டப் பாடசாலை, நோய்க்கு மருந்து பெற்ற தோட்ட மருத்துவமனை, கோயில் திருவிழாவில் நின்ற இடம் ஆகிய யாவும் ஒரே கையொப்பத்தால் பறிபோயின. கணவனுக்குக் கொடுக்கப்பட்ட சீட்டு மனைவியையும் வெளியேற்றும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலொன்றிற்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டமை இப்பின்னணியிற் பொருள் கொள்ளப்பட வேண்டியதொன்றாகும்.

ஊவா மாகாணத்தின் பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களை மனத்திற்கொண்டு, துர்நடத்தை என்னும் குற்றச்சாட்டின் பேரில் நிகழும் வேலை நீக்கத்தை எவ்வாறு எதிர்க்கலாம் என்பதையும், அவ்வெதிர்ப்பு எந்த இடத்தில் வலுவிழக்கின்றது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம். இலக்கியம் பயின்றோர்க்கு இதில் என்ன வேலை என்று வினவப்படலாம். வேலை நீக்கம் என்பது முதலில் ஓர் எழுத்துக் காரியம். ஒரு செயல் நிகழ்கிறது. அதற்கு ஒருவர் பெயர் சூட்டுகிறார். அப்பெயர் தாளில் ஏறுகிறது. பின்னர் நடப்பவை யாவும் அத்தாளைச் சுற்றியே நடக்கின்றன. பெயர் சூட்டும் உரிமை எவரிடம் உள்ளது என்னும் வினாவே எம்மை இவ்விடயத்திற்கு இழுத்து வந்தது.

‘துர்நடத்தை’ என்னும் சொல்லுக்கு இந்நாட்டுத் தோட்டங்களில் ஒரு வரலாறு உண்டு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், வேலைக்கு மறுத்தல், குடிபோதை, கட்டளையை வேண்டுமென்றே மீறல், மரியாதையீனம், கடமையிற் பெருங்கவனக்குறைவு என்பவற்றோடு ‘பிற துர்நடத்தை’யையும் சேர்த்துத் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. மூன்று மாதம் வரை சிறை விதிக்கலாம். சம்பளத்தையும் பறிமுதல் செய்யலாம். ஆக, இன்று வேலைத்தலத்து ஒழுங்கு பற்றியதாக எண்ணப்படும் இச்சொல் நீதவான் முன் நிறுத்தப்படும் குற்றமாகவே தோட்டத்தினுள் நுழைந்தது. தொழிலாளி முகங்கோணினால் அது குற்றம். இதனை விளக்க நீண்ட கோட்பாட்டு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

சிறையின் அச்சத்தோடு துண்டு முறையும் இணைந்திருந்தது. கங்காணியின் கணக்கில் தொழிலாளி பட்ட கடனைக் காட்டும் துண்டுத்தாள் இல்லாமல் ஒருவர் வேறு தோட்டத்திற் சேர முடியாது. துண்டு 1921இல் ஒழிக்கப்பட்டது. ஒப்பந்த மீறலுக்கான சிறைத்தண்டனையும் 1920களின் தொடக்கத்தோடு மறைந்தது. ஆனால் சிறை நீங்கிய இடத்தை வேலை நீக்கம் நிரப்பியது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இந்தியத் தோட்டத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின்கீழ் தொழிலாளியின் ஒப்பந்தம் மாதந்தோறும் புதுப்பிக்கப்படுவதாகவே கருதப்பட்டது. முன்னறிவித்தல் கொடுத்தால் எவரையும் நிறுத்தலாம், காரணங்கூற வேண்டியதில்லை. நீதிமன்றம் சென்றாலும் பொதுச்சட்டம் அளிக்கக்கூடியது முன்னறிவித்தற் காலத்துச் சம்பளம் மாத்திரமே. மீண்டும் வேலையில் அமர்த்துமாறு துரைக்குக் கட்டளையிடும் அதிகாரம் எந்த நீதிபதிக்கும் இருக்கவில்லை.

எனவே அக்காலத்தில் வேலை நீக்கத்தை எதிர்க்கும் வழி ஒன்றே: கூட்டாக வேலையை நிறுத்துதல். 1939 இறுதியிலும் 1940இலும் மலையகத்தை ஊடறுத்த வேலைநிறுத்த அலையில் கூலி உயர்வோடு சங்கம் அமைக்கும் உரிமையும் சங்கத்தவரைப் பழிவாங்குதலும் முதன்மையான பிரச்சினைகளாக விளங்கின. 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் பலியானமை யாவரும் அறிந்தது. அவ்வலை தெற்கே ஊவாவுக்குப் பரவியபோது மேலும் கூர்மையடைந்தது. அவ்வாண்டு மே மாதத்திற் பதுளையில் தடையை மீறி நடந்த பெருங்கூட்டத்தில் என். எம். பெரேரா உரையாற்றினார். பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத்திலோ தொழிலாளர் தமக்குள் ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தனர். அக்குழுவைக் கலந்தே செயற்படுவதாக அத்தியட்சகர் ஒப்புக்கொள்ளவும் நேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்டவெனச் சென்ற பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். பின்னர் வந்த அடக்குமுறை கடுமையாக இருந்தது.

வெவெஸ்ஸவில் நிகழ்ந்ததை வீரக்கதையாக மாத்திரம் சொல்லிவரும் பழக்கம் எம்மிடையே உண்டு. ‘எது குற்றம்’ என்பதை அத்தியட்சகர் தனியே தீர்மானிக்க இயலாத நிலை ஊவாத் தோட்டமொன்றில் ஒரு சில நாட்களேனும் உருவாயிற்று என்பதே அதன் உண்மையான முக்கியத்துவம் என்பது எமது கருத்து. அடுத்த சில ஆண்டுகளில் அரசியற் பலமும் சேர்ந்தது. 1947 பொதுத்தேர்தலில் இரு அங்கத்தவர் தொகுதியாகிய பதுளையிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். 1948, 1949 ஆண்டுகளின் குடியுரிமை, வாக்குரிமைச் சட்டங்கள் அப்பலத்தை முறித்தன. குடியுரிமை இழந்தவனுக்கு வேலை நீக்கம் இருமடங்கு அச்சம் தந்ததை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இப்பின்னணியிலேயே 1957 மாற்றம் நோக்கப்படல் வேண்டும். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் கூட்டுப் பிணக்குகளையே கருத்திற் கொண்டிருந்தது. 1957இன் 62ஆம் இலக்கத் திருத்தம் தொழில் நியாய சபைகளை நிறுவி, தனித் தொழிலாளியோ அவர் சார்பில் அவரது சங்கமோ நேரே விண்ணப்பிக்க வழிசெய்தது. அப்போது தொழில் அமைச்சராயிருந்தவர் டி. பி. இலங்கரத்ன. அரசாங்க எழுதுவினைஞர் சங்கத் தலைவராயிருந்து 1947 வேலைநிறுத்தத்தின் தொடர்பிலே வேலையிழந்தவர் அவர் என்பதைச் சட்ட நூல்கள் பொதுவாகக் குறிப்பிடுவதில்லை. நாம் குறிப்பிட விரும்புகின்றோம்.

திருத்தத்தின் உயிர் இரண்டு ஏற்பாடுகளில் உள்ளது. நியாய சபை ‘நீதியானதும் ஒப்புரவானதுமான’ கட்டளையைப் பிறப்பித்தல் வேண்டும் என்பது ஒன்று. சேவை ஒப்பந்தத்தில் எதிர்மாறாக எது கூறப்பட்டிருப்பினும் நிவாரணம் வழங்கலாம் என்பது மற்றையது. ஒப்பந்தத்தின் எழுத்தே இறுதி என்றிருந்த எசமான் சட்டத்தின் அடித்தளத்தை இவ்வேற்பாடு அசைத்தது. முதலாளிகள் இதனை எளிதில் விட்டுவிடவில்லை. நியாய சபைத் தலைவர்கள் நீதிச்சேவை ஆணைக்குழுவால் நியமிக்கப்படாதவர்கள், ஆதலால் அவர்களுக்கு அதிகாரமே இல்லை என்னும் வாதத்தை இலங்கை உயர் நீதிமன்றம் ஏற்றது. ஐக்கிய பொறியியல் தொழிலாளர் சங்கத்துக்கும் தேவநாயகத்துக்கும் இடையிலான அவ்வழக்கிலே 1967இல் இலண்டன் கோமறைக் கழகம் அத்தீர்ப்பைப் பெரும்பான்மையால் மாற்றியிராவிடில், பத்தாண்டு வயதுடைய நிறுவனம் அத்துடன் முடிந்திருக்கும்.

நடைமுறையைச் சுருக்கமாகக் கூறுவோம். வேலை நீக்கப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். சங்கப் பிரதிநிதி அவருக்காகத் தோன்றி வாதிடலாம், சட்டத்தரணி கட்டாயமன்று. வேலையை நிறுத்தியதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டால் அதற்கான காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தையே சாரும். அதுவே முதலிற் சாட்சியமளிக்கும். இதனாலேயே சில வேளைகளில் ‘நாம் நிறுத்தவில்லை, அவரே வேலையை விட்டுச் சென்றார்’ என்ற மறுமொழி வருகின்றது. அவ்வாறு வந்தால் தாம் நிறுத்தப்பட்டதைத் தொழிலாளியே முதலில் நிலைநாட்ட வேண்டியவராகிறார். பெரட்டுக்களத்தில் வாய்மொழியாக ‘நாளைக்கு வரவேண்டாம்’ என்று சொல்லப்பட்டு வீடு திரும்பி இரண்டு மாதம் காத்திருப்பவர்கள் விழும் குழி இதுவே. மறுநாட் காலையே சாட்சிகளோடு பெரட்டுக்குச் சென்று வேலை கேட்பதும், அதனைச் சங்கத்தின் மூலம் எழுத்திற் பதிவதும் பிற்கால வாதங்கள் பலவற்றிலும் பெறுமதி வாய்ந்தவை.

குற்றம் எவ்வளவு உறுதியாக நிரூபிக்கப்படல் வேண்டும் என்னும் கேள்வியில் உயர் நீதிமன்றம் 1975இல் அசோசியேட்டட் பற்றரி கம்பனி வழக்கிலே முதலாளி பக்கம் சாய்ந்தது. குற்றச்சாட்டு களவு போன்ற குற்றச்செயலேயாயினும், குடியியல் வழக்குகளிற் போல நிகழ்தகவுச் சமநிலை போதும் என்பது அத்தீர்ப்பு. இதன் விளைவாக, கொழுந்தையோ விறகையோ களவெடுத்ததாகப் பொலிசில் முறையிடப்பட்டு நீதவான் நீதிமன்றில் விடுதலையானவரும் நியாய சபையில் தோற்கலாம். ‘கோர்ட்டில் வென்றுவிட்டேன், வேலை ஏன் தரவில்லை?’ என்ற வினாவுக்கு இதனைக் காட்டிலும் இனிய விடை சட்டத்தில் இல்லை.

உள்ளக விசாரணை பற்றிப் பலரிடமும் ஒரு மயக்கம் நிலவுகிறது. இந்தியாவில் 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டமும் அதனைத் தொடர்ந்த தீர்ப்புகளும் முறையான உள்ளக விசாரணையை வேலை நீக்கத்தின் வாயிலாகவே ஆக்கின. 1971இல் சேர்க்கப்பட்ட 11அ பிரிவு, தண்டனையின் அளவையும் தீர்ப்பாயம் மறுபரிசீலனை செய்ய இடமளித்தது. இலங்கையில் உள்ளக விசாரணை நடத்தப்படாமை மாத்திரமே வேலை நீக்கத்தை வீழ்த்திவிடாது. நியாய சபை எல்லாவற்றையும் புதிதாகவே விசாரிக்கும். இதிலிருந்து உள்ளக விசாரணை வெறுஞ் சடங்கு என்று முடிவுகட்டுவோர் தவறுகின்றனர். புதிய விசாரணை மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்தே நிகழ்கிறது. அப்போது சாட்சிகளின் நினைவை இட்டு நிரப்புவது உள்ளக விசாரணையில் எழுதப்பட்ட தாளே.

இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இது ஒருவருடைய கதையன்று. ஊவாவின் பருவத்தையும் தோட்டத்தின் கணக்கையும் அறிந்தோர் எவரும் கட்டக்கூடியது. ஜூலை தொடங்கிச் செப்டெம்பர் வரை ஊவாச் சரிவுகளில் வறண்ட காற்று வீசும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் புகழ்தரும் வாசனை அப்பருவத்திலேயே பிறக்கின்றது. அதே பருவத்தில் மலையிற் கொழுந்தும் குறைகின்றது. நாட்கூலி முழுப்பேர் விழ இத்தனை கிலோ என்ற அளவு குறைக்கப்படாவிட்டால், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் காலை முதல் மாலைவரை நின்ற பெண்ணுக்கு அரைப்பேரே விழும். நிறுவை இடத்தில் அவர் கூறுகிறார்: ‘ஐயா, மலையில கொழுந்தே இல்ல. நாள் பூராவும் நின்னதுக்கு அரைப்பேர் போட்டா எப்புடிங்கய்யா?’ பின்னால் நின்ற பெண்களும் குரல் கொடுக்கின்றனர். சிலர் கூடையை இறக்கிவைத்துவிட்டு நிற்கின்றனர்.

மூன்று நாள் கழித்து வரும் குற்றப்பத்திரிகையில் அந்நிகழ்ச்சி என்னவாகின்றது? வெளிக்கள உத்தியோகத்தரை அவமதித்தமை. சட்டபூர்வமான கட்டளையை மீறியமை. ஏனைய தொழிலாளரைத் தூண்டியமை. உற்பத்திக்கு நட்டம் விளைவித்தமை. கேள்வி அவமதிப்பாகவும், நின்றமை மீறலாகவும், பின்னால் எழுந்த குரல்கள் தூண்டுதலின் விளைவாகவும் மாறிவிட்டன. வறட்சியும் கிலோவும் அரைப்பேரும் தாளில் இல்லை. 1865இன் கட்டளைச் சட்டத்திலுள்ள சொற்களும் இவையும் எவ்வளவு நெருங்கிய உறவினர் என்பதை வாசகர் ஒப்பிட்டு அறியலாம். நான்காவது குற்றச்சாட்டு வெறும் அலங்காரமன்று. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, மோசடியாலோ வேண்டுமென்றே விளைத்த நட்டத்தாலோ வேலை நீக்கப்பட்டவரது பணிக்கொடையிலிருந்து அந்நட்டத்தின் அளவுக்குக் கழிக்கலாம். ஊழியர் சேமலாப நிதியில் மாத்திரம் எவரும் கைவைக்க முடியாது.

எதிர்வாதம் இங்கேயே தொடங்குதல் வேண்டும். ‘அப்படி நடக்கவில்லை’ என்று மறுத்தால் போதாது. விடுபட்டதைத் தாளில் ஏற்றவேண்டும். தோட்டங்களில் மழைவீழ்ச்சி நாள்தோறும் அளந்து பதியப்படுகின்றது. கொழுந்து நிறுவைப் புத்தகமும் செக்ரோலும் உள்ளன. அன்று அம்மலையில் எத்தனை பேர் முழுப்பேர் பெற்றனர், முன்னைய ஆண்டுகளில் இதே கிழமைகளில் கிலோ குறைக்கப்பட்டதா, கூடையை இறக்கிய பிறருக்கு எச்சரிக்கை மாத்திரம் கொடுத்து இவரை மாத்திரம் நீக்கியது ஏன், இவர் சங்கத்து மாதர் தலைவியா, இத்தனையாண்டுச் சேவையில் முன்னர் எச்சரிக்கை பெற்றவரா என்பன விடையளிப்புக் கடிதத்திலேயே கேட்கப்படல் வேண்டும். நியாய சபையில் அப்புத்தகங்களைச் சமர்ப்பிக்குமாறு கோரலாம். குற்றம் உண்மையேயெனினும் தண்டனை அதற்கு ஏற்றதா என்பதும் ஒப்புரவு என்னும் சொல்லினுள் அடங்கும். ‘தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று யாரோ எழுதிக்கொடுத்த தாளிற் கைநாட்டு இட்டுவிட்டால் இவ்வளவும் வீணாகும். மன்னிப்புக் கடிதம் குற்ற ஒப்புதலாகவே பின்னர் வாசிக்கப்படும். விசாரணையதிகாரி அதே கம்பனியின் வேறொரு தோட்டத்து அத்தியட்சகராயிருப்பின் அதனையும் ஆட்சேபித்துப் பதிவு செய்தல் நன்று.

1971இல் இயற்றப்பட்ட இரு சட்டங்களை இவ்விடத்தில் இணைத்து நோக்கலாம். அவ்வாண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் சட்டம், நீதிமன்றக் கட்டளையின்றி லயத்திலிருந்து எவரையும் வெளியேற்றலாகாது என்றது. பத்துச்சீட்டின் பழைய வலிமையிற் பாதியை அது பறித்தது எனலாம். 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தற் சட்டம், தொழிலாளியின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இன்றி வேலையை முடிவுறுத்தலாகாது என்றது. ஆனால் ஒழுக்காற்றுத் தண்டனையாக நீக்குவதை அது தன் எல்லைக்குப் புறம்பாக்கியது. அவ்வாறு நீக்கினால் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் அறிவித்தாற் போதும். ஆட்குறைப்புக்கு அனுமதி வேண்டும், தண்டனைக்கு வேண்டியதில்லை என்ற நிலையில், ஆட்குறைக்க விரும்பும் நிர்வாகம் குற்றந்தேடத் தூண்டப்படுவது இயல்பே. பொருளாதாரக் காரணம் ஒழுக்கக் காரணமாக உடைமாற்றிக்கொள்ளும் வாயில் இது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையானபோதும், 1992இல் முகாமைத்துவம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றபோதும் இவ்வாயில் அடைக்கப்படவில்லை.

கூட்டுப் போராட்டம் தனியாட் குற்றமாக எழுதப்படும் முறையை அண்மைக்காலத்தில் ஊவாவுக்கு வெளியே மஸ்கெலியாவை அடுத்த ஓல்டன் தோட்டத்தில் யாவரும் கண்டனர். 1,000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கை எழுந்திருந்த 2021 பெப்ரவரியில், வேலைநிறுத்தத்தின்போது முகாமையாளர் தாக்கப்பட்டார் என்ற குற்றச்சாட்டின் பேரிற் பலர் கைதாகினர்; 38 பேர் வேலை நீக்கப்பட்டனர். தாக்குதல் எவரால் நிகழினும் அது நியாயப்படுத்தத் தக்கதென்று நாம் கூறவரவில்லை. எனினும் 38 பேரின் செயலும் ஒரே அளவுடைய ஒரே செயலாக இருந்திருத்தல் அரிது. யார் எதைச் செய்தார் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நிரூபிக்கும் கடமையை ‘கூட்டம்’ என்னும் சொல் மறைத்துவிடுகின்றது. அதே ஆண்டு, சம்பளச் சபை 1,000 ரூபாவை நிர்ணயித்ததைத் தொடர்ந்து கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின.

சங்க நடவடிக்கைக்காகப் பழிவாங்குதல் 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தத்தினால் தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. ஆனால் வழக்குத் தொடரும் உரிமை தொழில் திணைக்களத்திடமே விடப்பட்டது. சங்கங்களின் பங்கையும் மறைக்காது கூறவேண்டும். எல்லா நீக்கங்களும் பழிவாங்கல் அல்ல. சக தொழிலாளியின் பொருளைக் களவெடுத்தவனையும் சந்தாவுக்காகக் காப்பாற்றிய சங்கங்கள் உண்டு. விண்ணப்பம் செய்யும் காலம் கழியும்வரை ‘துரையோடு பேசுகிறோம்’ என்று தொழிலாளியைக் காக்கவைத்தோரும் உண்டு. வென்ற வழக்குகளிலும் மீளமர்த்தலுக்குப் பதிலாக நட்டஈடு வழங்கச் சட்டம் இடமளிக்கின்றது. நிர்வாகம் மேன்முறையீடு செய்தால் மாகாண மேல் நீதிமன்றம், அதன்பின் உயர் நீதிமன்றம் என ஆண்டுகள் நீளும். அதற்குள் அவர் கொழும்பில் ஒரு கடையிலோ வீட்டிலோ வேலைக்குச் சேர்ந்திருப்பார். நட்டஈட்டுத் தொகை அவருக்கு நியாயமாகத் தோன்றலாம். மலையில் எஞ்சியிருப்போர்க்கோ, கேள்வி கேட்டவர் திரும்பி வரவில்லை என்பதே கண்ணுக்குத் தெரியும். இதனாலேயே மீளமர்த்தலை முதற் கோரிக்கையாகவும் நட்டஈட்டை மாற்றாகவும் விண்ணப்பத்திற் குறிப்பிடுதல் வேண்டும் என நாம் வற்புறுத்துகின்றோம்.

எஞ்சியிருப்பது மொழி. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டுள்ளன. நியாய சபையில் மொழிபெயர்ப்பாளரைக் கோரவும் உரிமை உண்டு. தோட்டக் காரியாலயம் அரச காரியாலயமன்று. அங்கே குற்றப்பத்திரிகை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்படலாம். விசாரணைக் குறிப்பும் அவ்வாறே. தமிழிற் கூறப்பட்ட சாட்சியம் வேறு மொழியில் எழுதப்பட்டு, தமிழில் வாசித்துக் காட்டப்படாமலே கையொப்பத்துக்கு நீட்டப்படும்போது, ‘கேட்டேன்’ என்பது ‘சத்தமிட்டேன்’ ஆகியிருப்பதை எவர் அறிவார்? தாள் தமிழில் வாசிக்கப்படும்வரை பெருவிரலை மையில் வைக்க மறுப்பதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை. அம்மறுப்பையும் குறிப்பில் எழுதுமாறு கேட்கலாம். எழுதாவிடின், உடன் சென்ற தோட்டத் தலைவர் அன்று மாலையே திகதியிட்டுப் பதிவுத்தபாலில் தொழில் திணைக்களத்தின் பதுளை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பி, பதிவுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம்.